மூன்று நாள் விருந்தாளி

“விருந்தும் மருந்தும் மூன்று நாள்” என்பது நம் நாட்டுப் பழமொழி. மூன்று நாளுக்கு மேற்பட்டால் விருந்தாளி வீட்டாருக்குப் பாரமாகிவிடுவான் என்பது இதன் பொருள். ஆனால், மூன்றே நாள் தங்கிய விருந்தாளியும் பாரமாக இருத்தல் கூடும். அத்தகைய விருந்தாளியாக நானே ஒருமுறை இருந்திருக்கிறேன். என்னை விருந்தேற்றது ஒரு வீடன்று, ஒரு தீவு. மாணவ நண்பர்களே, அத்தீவு எனக்குக் கற்பித்த பாடத்தையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

தலைமையாசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஆண்டில், நானும் என் மனைவியும் இலட்சத்தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த கடமத்துத் தீவுக்குச் சென்றோம். புவியியல் பாடத்தில் பவளத்தீவுகளைப்பற்றி முப்பது ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகையில் படம் வரைந்து விளக்கியவன் நான். ஆயினும், அவற்றுள் ஒன்றையேனும் கண்ணால் கண்டவனல்லன். அக்குறையைப் போக்கிக்கொள்ளவே புறப்பட்டோம்.

இலட்சத்தீவுகள் அரபிக்கடலில், கேரளக் கரைக்கு மேற்கே சிதறிக் கிடக்கின்றன. அவை மொத்தம் 36. அவற்றுள் மக்கள் குடியிருப்பவை 10 மட்டுமே. எல்லாத் தீவுகளின் பரப்பையும் கூட்டினாலும் 32 சதுர கிலோமீட்டரே ஆகும். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் 64,473 பேர். 1956ஆம் ஆண்டுவரை இத்தீவுகள் சென்னை மாநிலத்தின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தன. அவ்வாண்டு நவம்பர் முதல் நாளன்று அவை மத்திய அரசின் நேரடி ஆட்சிப் பகுதியாயின. ‘இலட்சத்தீவு’ என்னும் பெயர் 1973இல் சூட்டப்பட்டது.

தீவினர் அல்லாதார் அங்குச் செல்ல முன் அனுமதி பெறவேண்டும். அதனைப் பெற்றுக்கொண்டு கொச்சித் துறைமுகத்தில் கப்பல் ஏறினோம். ஓர் இரவு முழுதும் பயணம். ஏறத்தாழ 400 கிலோமீட்டர் கடந்தபின், விடிந்து வெயில் ஏறும் வேளையில், கடலின்மேல் ஒரு பச்சைக் கோடு தோன்றிற்று. அதுவே கடமத்து. நீளம் எட்டு ஒன்பது கிலோமீட்டர் இருக்கும். அகலமோ, மிக அகன்ற இடத்திலும் அரைக் கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். வெண்டைக்காயைக் கடலில் மிதக்கவிட்டாற்போன்ற தோற்றம். பெரும்பாலான இடங்களில் தரை கடல்மட்டத்திற்கு ஓரிரு மீட்டர் உயரமே. மலை இல்லை, ஆறு இல்லை, ஓடைகூட இல்லை. இத்துணைச் சிறிய நிலத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்கிறார்கள்.

நாங்கள் தங்கிய விடுதி தென்னந்தோப்புக்குள், கடலை ஒட்டி இருந்தது. தனித்தனிக் குடில்கள். வாயிலைத் திறந்தால் இருபது அடியில் வெண்மணல், அதற்கப்பால் காயல். வெளிப்புறத்துப் பவளப்பாறை அலைகளைத் தடுத்துவிடுவதால், பாறைக்கும் தீவுக்கும் இடையிலுள்ள ஆழமற்ற கடல் ஏரிபோல் அமைதியாக இருக்கும். அதனையே காயல் என்கிறோம். அந்நீரின் நிறத்தைச் சொல்வதற்குச் சொல்லில்லை. கரையருகில் பளிங்கு, சற்றே தள்ளி இளம்பச்சை, பாறைக்கு அப்பால் கருநீலம். நீந்தத் தெரியாத நான் முழங்காலளவு நீரில் நின்று, என் கால்விரல்களைச் சுற்றி நீந்திய சிறு மீன்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

கடலில் இறங்கினால் உடம்பெல்லாம் உப்பு. ஆதலால், ஒவ்வொரு முறையும் குடிலுக்குத் திரும்பி நன்னீரில் குளித்தேன். முதல் நாள் காலை, நண்பகல், மாலை என மூன்று குளியல். இரண்டாம் நாளும் அவ்வாறே. குடிலின் வெளியே கால் கழுவுவதற்கென ஒரு குழாய் இருந்தது. அன்று மாலை, அதனைத் திறந்துவிட்டுக் கால் மணலைக் கழுவியவண்ணம், சூரியன் கடலில் மறைவதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். தண்ணீர் மணலில் ஓடிக்கொண்டேயிருந்தது.

விடுதித் தோட்டத்தைப் பராமரிக்கும் முதியவர் ஒருவர் வந்தார். என்னை ஒன்றும் சொல்லாமல் குழாயை மூடினார். தீவினர் பேசும் மொழி மலையாளத்தின் கிளையாகிய ஜெசரி. எனக்கு விளங்கட்டும் என்று அவர் நிறுத்தி நிறுத்திப் பேசினார். “மாஷே, நீங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர் என்று கேள்விப்பட்டேன். நாளைக் காலையில் என் வீட்டுக் கிணற்றைப் பார்க்க வருகிறீர்களா?” என்றார். அக்குரலில் சினம் இல்லை. ஆயினும், வகுப்பில் பிடிபட்ட மாணவனைப்போல் நான் நின்றேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மறுநாள் காலை சென்றோம். கிணறு மிக ஆழமற்றது. உள்ளே எட்டிப் பார்த்தால், ஓர் ஆள் உயரத்திற்குச் சற்றே கீழே தண்ணீர் தெரிந்தது. முதியவர் வாளியில் சிறிது மொண்டு கொடுத்தார். குடித்தேன். இனிப்பென்று சொல்ல இயலாது. ஆனால் குடிக்கத்தக்க நீர். அடுத்து அவர் மற்றொரு கிணற்றுக்கு அழைத்துச் சென்றார். அதில் மின்மோட்டார் பொருத்தியிருந்தார்கள். அந்நீரை வாயில் வைத்ததும் துப்பிவிட்டேன், அத்துணை உப்பு. “இரண்டுக்கும் ஐம்பது அடி தூரந்தான், மாஷே. என் கிணறு இன்னும் வாளிக்குக் கட்டுப்பட்டிருக்கிறது. இதுவும் என் சிறு வயதில் நல்ல கிணறுதான்” என்றார்.

இவ்வேறுபாடு ஏன்? இதனை அறிய வேண்டுமானால், தீவு எவ்வாறு தோன்றிற்று என்பதிலிருந்து தொடங்கவேண்டும்.

பவளம் என்பது ஓர் உயிரினம். கடுகளவும் மிளகளவுமான மெல்லுடல் உயிர்கள் கடல்நீரிலுள்ள சுண்ணச்சத்தைப் பிரித்தெடுத்துத் தம்மைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்கின்றன. ஒரு தலைமுறை மடிய, அதன் கூட்டின்மேல் அடுத்த தலைமுறை கட்டுகிறது. இவ்வாறு நூறாயிரக்கணக்கான ஆண்டுகள் கட்டியதே பவளப்பாறை. இதிலொரு புதிர் உண்டு. பாறை கட்டும் பவள உயிர்கள் ஒளி புகும் ஆழமற்ற நீரிலேயே செழிக்கும். அங்ஙனமாயின், ஆழ்கடல் நடுவே பவளத்தீவுகள் எழுந்தது எப்படி? இதற்குச் சார்லஸ் டார்வின் 1842இல் வெளியிட்ட நூலில் விடை கூறினார். கடலில் ஓர் எரிமலைத் தீவு இருந்தது. அதன் கரையைச் சுற்றிப் பவளம் வளர்ந்தது. மலை மெல்ல மெல்ல அமிழ்ந்தது. பவளமோ ஒளியை நாடி மேலே மேலே கட்டிக்கொண்டே வந்தது. முடிவில் மலை மறைந்து, பவள வளையம் மட்டும் எஞ்சிற்று என்பது அவர் கருத்து. 1952இல் பசிபிக் கடலின் எனிவெடாக் தீவில் ஆழத் துளையிட்டுப் பார்த்தனர். 1,200 மீட்டருக்கும் கீழே எரிமலைப் பாறை தட்டுப்பட்டது. நூற்றுப்பத்து ஆண்டுகளுக்குப் பின் டார்வின் கூற்று மெய்ப்பிக்கப்பட்டது.

பாறை ஆயிற்று, மணல் எங்கிருந்து வந்தது? நம் ஊர்க் கடற்கரை மணலின் பெரும்பகுதி மலைகளிலிருந்து ஆறுகள் கொண்டுவந்தது. ஆறில்லாத தீவில் மணல் வந்த வழி வேறு. அலைகள் நொறுக்கிய பவளத் துண்டுகளும், சிப்பி ஓடுகளும், சுண்ணாம்பு படிந்த ஒருவகைக் கடற்பாசியின் துணுக்குகளும் அதிலுண்டு. கிளியின் அலகு போன்ற வாயுடைய மீன்கள் சில பாறையைக் கொறித்துப் பாசியைத் தின்கின்றன. உடன் உட்கொண்ட சுண்ணாம்பைப் பொடியாக்கி வெளியேற்றுகின்றன. நான் நடந்து மகிழ்ந்த வெண்மணலில் அம்மீன்கள் அரைத்த பொடியும் கலந்திருந்தது.

இனித் தண்ணீருக்கு வருவோம். சுண்ணாம்பும் மணலுமான இந்நிலம் கடற்பஞ்சுபோல் துளைகள் நிறைந்தது. அடியிலும் நாற்புறத்திலும் கடல்நீர் ஊறி நிற்கிறது. ஆண்டில் சுமார் 1,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அம்மழைநீர் ஓடித் தேங்க இடமில்லாமல் நேரே மண்ணுக்குள் இறங்குகிறது. இறங்கிய நன்னீர் ஏன் கடல்நீரோடு கலந்து கெட்டுவிடவில்லை?

ஒரு சிறு சோதனையை நீங்களே செய்து பார்க்கலாம். கண்ணாடித் தம்ளரில் பாதியளவு தண்ணீர் ஊற்றி, நான்கைந்து தேக்கரண்டி உப்பைக் கரையுங்கள். செம்பருத்திப் பூவை ஊறவைத்த சிவந்த நீரை, ஒரு கரண்டியின் முதுகின்மேல் மெல்ல மெல்ல வழியவிட்டு, உப்புநீரின்மேல் ஊற்றுங்கள். சிவந்த நீர் தனி அடுக்காக மேலே நிற்பதைக் காண்பீர்கள். நன்னீர் இலேசானது; உப்புநீர் கனமானது. தீவின் அடியிலும் நன்னீர் இவ்வாறே கடல்நீரின்மேல் மிதக்கிறது. நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் இருப்பதால் இதனை நன்னீர் வில்லை என்பர். மூக்குக்கண்ணாடியின் வில்லையை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதன் கணக்கை ஹாலந்து நாட்டவராகிய பாடன் கைபன் என்பார் 1880களின் இறுதியிலும், ஜெர்மானியராகிய ஹெர்ட்ஸ்பர்க் என்பார் 1901இலும் தனித்தனியே எடுத்துரைத்தனர். ஒரு லிட்டர் நன்னீரின் எடை 1,000 கிராம். கடல்நீரின் எடை சுமார் 1,025 கிராம். வேறுபாடு 25 கிராம். ஆயிரத்தை இருபத்தைந்தால் வகுத்தால் 40. ஆகவே, நன்னீர் கடல்மட்டத்திற்கு மேல் ஒரு சென்டிமீட்டர் உயர்ந்து நின்றால், கடல்மட்டத்திற்குக் கீழே 40 சென்டிமீட்டர் ஆழம்வரை கடல்நீரை அமிழ்த்தி வைத்திருக்கும். மேலே 25 சென்டிமீட்டர் இருந்தால் கீழே 10 மீட்டர். இஃது ஏட்டுக் கணக்கு. நாள்தோறும் ஓதம் ஏறி இறங்குகையில் இரு நீரும் எல்லையில் கலப்பதால், உண்மையில் நன்னீர் அடுக்கு இதனினும் மெல்லியதாகவே இருக்கும். தீவு குறுகியதாயின் இன்னும் மெலியும்.

இக்கணக்கைத் திருப்பிப் பாருங்கள். அதில்தான் ஆபத்து அடங்கியிருக்கிறது. மேலே நாம் ஒரு சென்டிமீட்டர் நீரை இறைத்துத் தீர்த்தால், கீழே உப்புநீர் 40 சென்டிமீட்டர் மேலேறும். வாளியால் சிறிது சிறிதாக மொண்டால், சுற்றிலுமுள்ள நன்னீர் பக்கவாட்டில் ஊறி வந்து குறையை நிரப்பும். மோட்டார் வேகமாக உறிஞ்சினால், ஊறி வர நேரமின்றி, கிணற்றுக்கு நேர் கீழே உள்ள உப்புநீர் கூம்புபோல் எழும்பிவிடும். மேற்சொன்ன தம்ளரில் ஓர் உறிஞ்சுகுழலை மேலடுக்கில் வைத்து வலுவாக உறிஞ்சிப் பாருங்கள். சிறிது நேரத்தில் உப்பு நாவில் படும். முதியவர் காட்டிய இரண்டு கிணறுகளின் செய்தி இதுதான்.

மற்றுமொரு தீங்கும் உண்டு. கழிவுநீரும் அதே துளை நிலத்தில்தான் இறங்குகிறது. குளியலறை நீரும் கழிப்பிடக் குழியும் கிணற்றுக்கு அண்மையில் இருந்தால், குடிநீரும் கழிவுநீரும் ஒரே வில்லையில் சேர்ந்துவிடும். மக்கள் நெருங்கி வாழும் சிறு தீவில் ஒன்றை மற்றொன்றிலிருந்து தூரத்தில் அமைக்க இடமேது?

இத்துன்பத்தைக் குறைக்க நம் சென்னை நகரிலிருந்து ஓர் உதவி சென்றது என்பது நாம் மகிழத்தக்க செய்தி. பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், 2005இல் இலட்சத்தீவின் தலைநகராகிய கவரத்தியில் நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் நன்னீர் தரும் நிலையத்தை அமைத்தது. அது வேலை செய்யும் முறை எளியது. கொடைக்கானலில் தண்ணீர் சமவெளியைவிடக் குறைந்த வெப்பத்திலேயே கொதிப்பதை அறிவீர்கள். காற்றின் அழுத்தம் அங்குக் குறைவு. ஒரு கலத்தினுள் காற்றைப் பெரும்பாலும் வெளியேற்றிவிட்டால், 28 பாகை வெப்பமுள்ள கடல்நீரே கொதிக்கத் தொடங்கும். அதிலிருந்து எழும் ஆவியில் உப்பு இராது. அந்த ஆவியைக் குளிர்வித்தால் நன்னீர். குளிர்விப்பதற்கோ, சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து 12 பாகை அளவிலான குளிர்ந்த கடல்நீரைக் குழாய் வழியே ஏற்றுகிறார்கள். பவளத்தீவின் அருகிலேயே கடல் செங்குத்தாக ஆழ்ந்துவிடுவது இதற்கு வசதியாயிற்று. நான் கண்ட கடமத்துத் தீவுக்கும் 2024 ஜனவரியில் இத்தகைய நிலையம் கிடைத்தது. நாளொன்றுக்கு 1,50,000 லிட்டர் தருவதற்கென அமைக்கப்பட்டது அது.

இனிக் கவலையில்லை என்று எண்ணலாமா? ஒரு வகுத்தல் கணக்குப் போடுங்கள். 1,50,000 லிட்டரை ஐயாயிரத்துக்கு மேற்பட்ட மக்களுக்குப் பங்கிட்டால், ஒருவருக்கு நாளொன்றுக்கு 30 லிட்டருக்கும் குறைவாகவே வரும். குடிக்கவும் சமைக்கவும் போதும். குளிக்கவும் துவைக்கவும் கிணற்றையே நாடவேண்டும். விடுதிகளில் உள்ள ஷவர்க் குழாய் நிமிடத்திற்கு எட்டுப் பத்து லிட்டர் நீரைச் சொரியும். பத்து நிமிடம் அதன் கீழ் நின்றால் 80 முதல் 100 லிட்டர். அந்த அளவில் மூன்று தீவினருக்கு ஒரு நாள் பங்கு அடங்கும். நான் நாளொன்றுக்கு மூன்று முறை நின்றவன். தவிரவும், கடலிலிருந்து நன்னீர் எடுக்கும் பொறிகள் மின்சாரத்தால் ஓடுகின்றன. தீவின் மின்சாரத்தில் பெரும்பகுதி, பெருநிலத்திலிருந்து கப்பலில் வரும் டீசலை எரித்தே கிடைக்கிறது. கடல் சூழ்ந்த இடத்தில் ஒரு குவளை நன்னீரின் விலை இவ்வளவு.

நீரைக் காக்கும் நிலமே நிலைத்திருப்பது பவளப்பாறையால். அலையின் வேகத்தைத் தணிக்கும் மதில் அதுவே. பவள உயிரின் உடலினுள் நுண்ணிய பாசி வாழ்கிறது, அதுவே பவளத்திற்கு உணவூட்டுகிறது, நிறமும் தருகிறது. கோடையின் வழக்கமான வெப்பத்தைவிட ஒரு பாகை மிகுந்து, அது சில வாரம் நீடித்தாலே, பவளம் அப்பாசியை இழந்து வெளிறிப்போகும். வெப்பம் தணியாவிட்டால் பட்டினியால் மடியும். இலட்சத்தீவுகளில் 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் இவ்வாறு பெருமளவில் பவளம் வெளிறியது. இடைவெளிகளைக் கணக்கிட்டுப் பாருங்கள். அவை நீளமானவை அல்ல. மதில் நலிந்தால் கரை அரிக்கப்படும். இதே கூட்டத்தில் பங்காரத்தை அடுத்துப் பறளி என்னும் பெயரில் ஆளில்லாத் திட்டுகள் உண்டு. அவற்றுள் முதலாவது, 1968இல் 0.032 சதுர கிலோமீட்டர், அதாவது எட்டு ஏக்கர் அளவு இருந்தது. அது முற்றிலும் கடலில் கரைந்துவிட்டதாக 2017இல் ஆய்வு ஒன்று அறிவித்தது.

அப்படியாயின், அத்தீவுகளுக்கு விருந்தினர் போகலாகாதா? இக்கேள்வியை அம்முதியவரிடமே கேட்டேன். அவர் சிரித்தார். “வரவேண்டும், மாஷே. சூரை மீனும் தேங்காயும் மட்டும் போதாது. என் பேரனுக்கு இந்த விடுதியில்தான் படகு ஓட்டும் வேலை. நீங்கள் வராவிட்டால் அவன் கொச்சிக்குப் போய்விடுவான். வருகிறவர் எங்கள் கிணற்றையும் எண்ணிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்” என்றார். இதனினும் நேரிய விடையை நான் அறியேன்.

எண்ணிக்கொள்வது என்பதன் பொருளை விரித்துச் சொல்கிறேன். ஒரு வாளி நீரில் குளித்தல். கடலில் பலமுறை இறங்கினும் நன்னீரை நாளில் ஒருமுறை மட்டும் நாடுதல். பவளத்தின்மேல் கால் வைக்காதிருத்தல். சிப்பியையும் பவளத்தையும் நினைவுப்பொருள் என எடுத்துவராதிருத்தல். நாம் கொண்டுசென்ற பிளாஸ்டிக் புட்டிகளை நாமே கப்பலேற்றித் திருப்பிக் கொணர்தல். புதைக்கவும் எரிக்கவும் இடமில்லாத நிலத்தில் குப்பை ஒருபோதும் மறைவதில்லை. விடுதி நடத்துவோர்க்கும் கடமைகள் உண்டு. கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் சேர்த்தல், கழிவுநீரைத் தூய்மைசெய்து மரங்களுக்குப் பாய்ச்சுதல் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை.

இது தொலைவிலுள்ள ஒரு தீவின் கதை என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். ஒன்றுக்கு நாற்பது என்னும் விதி தீவுக்கு மட்டும் உரியதன்று. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் வட்டாரத்தில் அளவின்றி இறைத்ததால், கடல்நீர் நிலத்தடியே உட்புகுந்து கிணறுகள் உவர்த்தன. கடலோர ஊர்களில் வாழும் மாணவர்கள், தங்கள் தாத்தாவிடம் அவர் சிறுவயதில் குடித்த கிணறு எது என்று கேட்டுப் பாருங்கள். இப்பொழுது அந்நீரின் சுவை எவ்வாறு இருக்கிறது என்பதையும் நாவில் வைத்து அறியுங்கள். இரண்டையும் குறித்து வைத்தால், அதுவே உங்கள் முதல் ஆய்வுக் கட்டுரையாகும்.

மூன்றாம் நாள் மாலை நான் குளிக்கவில்லை. ஈரத்துண்டால் உடம்பைத் துடைத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் கப்பலுக்குச் செல்லும் படகில் ஏறுமுன், முதியவர் கரைக்கு வந்தார். கையில் ஒரு செம்பு. தம் கிணற்று நீரைக் கொண்டுவந்திருந்தார். “வழிக்கு, மாஷே” என்றார். அதில் ஒரு சொட்டும் சிந்தாமல் நானும் என் மனைவியும் பகிர்ந்து குடித்தோம்.